பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவள்

மார்ச் 4, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதும் அளவுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் எழுதுவது என்றால் பரீட்சைக்கு எழுதுவது, இல்லாவிட்டால் தெருவில் யாருக்காவது விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது. சும்மா உட்கார்ந்து எழுதுகிற ஆள் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. அப்பா பார்த்தால், "வேலைக்குப் போயும் பரீட்சை முடியலையா?" என்றுதான் கேட்பார். ஆனாலும் எழுதுகிறேன். சொல்ல ஆள் இல்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் சைட்டில் நிலம் அளக்கிற சர்வேயர் பைக் வாங்கப் போகிறார். பார்ப்பதற்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவ்வளவுதான் செய்தி. எழுதிப் பார்த்தால் இத்தனை சின்னதாக இருக்கிறது.

மதியம் கான்கிரீட் க்யூப்களைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். கட்டடத்துக்கு ஊற்றுகிற கலவையிலிருந்து கொஞ்சம் எடுத்து, அச்சில் வார்த்து, ஊறவைத்து, பிறகு மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்பதுதான் எங்கள் லேபின் வேலை. எந்த எடையில் உடைகிறது என்று நான் எழுத வேண்டும். சர்வேயர் வாசலில் பூட்ஸைத் தட்டி மண்ணை உதறிவிட்டு உள்ளே வந்தார்.

"லேப், ஒரு உதவி வேணும்."

அவர் என்னை லேப் என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை ஒன்றும் கூப்பிடுவதில்லை. மற்ற எல்லோருக்கும் அண்ணா, அக்கா, சார் என்று ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. அவருக்கு மட்டும் எதுவும் பொருந்தவில்லை. சார் என்றால் தூரமாகப் போய்விடுகிறார். அண்ணா என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் "ஒரு நிமிஷம்" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன்.

"தினம் வேலைக்கு வரணும், போகணும். அப்பப்ப மலைப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வரணும். ரெண்டுக்கும் ஒரே வண்டி. கடைக்காரன் சொல்றதை நம்ப முடியாது, ஃப்ரெண்டுங்க சொல்றதை அதைவிட நம்ப முடியாது. நீங்க எதையும் முழுசாப் படிச்சுட்டுத்தான் பேசுவீங்க. அதான்." கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "இன்னொண்ணு. பின்னாடி ஒரு ஆள் வசதியா உட்காரணும். அதுதான் முக்கியம்."

அவர் போனதும் மெஷின் அக்கா என்னைப் பார்த்தார். நசுக்குகிற எந்திரத்தை ஓட்டுகிறவர் அவர்தான். லேபில் பெண்கள் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான்.

"பின்னாடி ஒரு ஆளாம்" என்றார். "அந்த ஆள் இங்க நிக்குது, தொட்டித் தண்ணி பூரா கால்ல ஊத்திக்கிட்டு."

குனிந்து பார்த்தேன். உண்மைதான்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். "ஞாயித்துக்கிழமையுமா பிள்ளை உயிரை வாங்குறாங்க" என்று அம்மா திட்டினாள். பொய் சொன்னது நான், திட்டு வாங்கியது கம்பெனி.

வண்டிகளின் விவரமெல்லாம் படித்து வைத்திருந்தேன். எடை எவ்வளவு, டேங்க் எத்தனை லிட்டர், தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம், சர்வீசுக்கு எங்கே விட வேண்டும். கடைக்குள் நுழைந்து, புது ரப்பர் வாசனையில் வரிசையாக நின்றவற்றைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது. அதனால் பேர் வைத்தேன். நெட்டைக் கால்களோடு கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது ஒட்டகம். அகலமான டேங்க், பளபளக்கும் குழாய், நகர்த்தவே மூச்சு வாங்க வைப்பது எருமை. பின் சீட்டை ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நிற்பது வெட்டுக்கிளி. சர்வேயர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் பேசியதே பெரிய விஷயம். பேர் வேறு வைத்திருக்கிறேன்.

"ஏறி உட்காருங்க லேப்."

ஒவ்வொரு வண்டியிலும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவர் தள்ளி நின்று ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். அளவு எடுக்கும்போது கோல் பிடிக்கிறவரிடம் சொல்வதுபோலவே சொன்னார்: "கொஞ்சம் பின்னாடி. இன்னும் கொஞ்சம். அங்கேயே இருங்க. முட்டி ரொம்ப மடங்குதா?"

வெட்டுக்கிளியில் பிரேக் போட்டால் முன்னால் இருப்பவர் முதுகில் போய்ச் சரிய வேண்டியதுதான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "இது பிரேக் போட்டா சரியா வராது" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் காது சிவந்ததோ, இல்லை வெயிலில் ஏற்கெனவே சிவந்திருந்ததோ.

விற்பனையாளர் சொன்னார்: "மேடத்துக்கு எது பிடிச்சிருக்கோ அதையே எடுத்துடுங்க சார். வீட்ல சண்டை வராது."

மறுப்பார் என்று பார்த்தேன். மறுக்கவில்லை. "அதுக்குத்தானே கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார்.

இதைத் திரும்பப் படிக்கப் போவதில்லை.

படித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று "நீ" என்றார். "நீ சாப்பிட்டியா லேப்?" அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஓட்டிப் பார்க்கும் நாள். சம்பளத்தில் வாங்கிய உயரமான செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் காலைப் பார்த்ததும், "ஐயோ, ஏன் இது? உயரமே மாறிடுமே. எப்பவும் போடுற அந்தத் தட்டைச் செருப்பையே போட்டுட்டு வந்திருக்கலாம்ல" என்றார்.

நான் எப்பவும் போடுவது என்ன செருப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒட்டகத்தில் ஏறுவது மதில் ஏறுவது போல இருந்தது. பின்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதல் வளைவிலேயே நிறுத்திவிட்டார். "கம்பியைப் புடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். தோளைப் புடிச்சுக்கோ." பிடித்தேன். பிடித்தேன் என்று சொல்ல முடியாது, விரல் நுனியை வைத்தேன். சட்டை வெயிலில் சூடாக இருந்தது.

எருமை, நெரிசலில் நிற்கும்போது கெண்டைக்காலில் அனலை ஊதியது. கடைசியாக ஒரு சாம்பல் நிற வண்டி. பெரிய வண்டியும் இல்லை, சின்னதும் இல்லை. ஹேண்டில் நிமிர்ந்திருந்தது, சீட் அகலம், சத்தம் மட்டு. பூனை என்று பேர் வைத்தேன். கால்வாய் ஓரமாக நீளமான சாலையில் வேகமாகப் போனோம்.

"பேசினா கேட்குதா?"

"கேட்குது."

"கத்தாம பேசினா?"

"அப்பவும் கேட்குது."

"அப்ப இதுதான்னு நினைக்கிறேன். எவ்வளவு தூரமானாலும் பேசிக்கிட்டே போகலாம்" என்றார்.

காற்றில் கண்ணில் நீர் வந்தது. காற்றால்தான்.

மார்ச் 20, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் சர்வேயர் எருமைப் பேச்சை மறுபடி எடுத்தார். அதன் கம்பீரம் பூனைக்கு வராதாம். ரோட்டில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களாம். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"ஒரு நிமிஷம். வருஷத்துல நாலு நாள் மலை ஏறுறதுக்காக, மிச்ச நாள் பூரா எருமையைச் சந்துல தள்ளிக்கிட்டு நிக்க முடியுமா? தினம் போற ரோட்டுக்குத்தான் வண்டி. டூருக்குப் பூனையும் போகும். எருமை தினத்துக்கு ஆகாது."

 கம்பி கட்டுகிற மேஸ்திரி, "இந்தப் பிள்ளைக்கு வாய் இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். சர்வேயர் கையைத் தூக்கிவிட்டார். "சரி தாயே. பூனைதான்."

மெஷின் அக்கா காதோடு சொன்னார்: "இப்பவே அதட்டல் ஆரம்பமா? நல்லது. முதல்லயே ஆரம்பிச்சுடணும்."

மார்ச் 23, ஞாயிறு

அப்பா மரம் அறுக்கும் மில்லிலிருந்து வந்து, கதவருகே சட்டையை உதறிக்கொண்டிருந்தார். தூள் வெயிலில் பறந்தது. நான் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. அப்பா சொம்பை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்றார்.

"இல்லைப்பா."

"அப்புறம் என்ன பாட்டு?"

அம்மா உள்ளேயிருந்து, "பாடினா பாடட்டுமே, கரண்டா செலவாகுது?" என்றாள்.

சொல்லிவிடலாமா என்று இருந்தது. எதைச் சொல்வது? ஒருவர் என்னிடம் பைக் பார்க்கச் சொன்னார் என்றா? ஊமை கண்ட கனவு.

மார்ச் 30, ஞாயிறு

பூனையைப் பதிவு செய்தாயிற்று. "நீலமா, சாம்பலா?" என்று கேட்டார். சாம்பல் என்றேன். விற்பனையாளரிடம் அதையே சொன்னார்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு நானும் மெஷின் அக்காவும் எழுந்துகொண்டிருந்தோம். சர்வேயர் போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி லேபுக்குள் வந்தார். "இரு இரு, இதோ இருக்காங்க" என்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் நின்றார். திரையில் ஒரு பெண். தலையில் ஈரத்துண்டு சுற்றியிருந்தார்.

"இவங்கதான் லேப். சொல்வேன்ல? நீயும் இவங்களும் ஒரே உயரம், ஒரே வாகு. இவங்களை உட்கார வச்சுப் பார்த்துத்தான் வண்டியையே முடிவு பண்ணினேன்." பிறகு என்னிடம் திரும்பி, "ஜூலைல கல்யாணம். வேற ஊர்ல நர்ஸா இருக்கா, லீவு கிடைக்கலை. இல்லேன்னா அவளே வந்து பார்த்திருப்பா. இங்க யார்கிட்டயும் இன்னும் சொல்லலை. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

முதலில் என்னிடம். அதற்கும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். இந்த மனசை எந்தச் சுவரில் முட்டுவது.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றார் அந்தப் பெண். "நீங்க இல்லேன்னா இவர் அந்த எருமையை ஓட்டிக்கிட்டு வந்திருப்பார்."

எருமை. பேர் வரைக்கும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ஒண்ணு கேட்கவாக்கா? எனக்கு நாள் பூரா நிக்கிற வேலை, இடுப்பு வலி உண்டு. அந்தச் சீட்ல ரொம்ப தூரம் போனா வலிக்குமா?"

வலிக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"வலிக்காது" என்றேன். "சீட் அகலம். கால் ரொம்ப மடங்காது. வளைவுல மட்டும் கம்பியைப் புடிக்காதீங்க. அவர் தோளைப் புடிச்சுக்கங்க."

இதையெல்லாம் என் வாய்தான் சொன்னது.

போகும்போது சர்வேயர், "சாம்பல் வேண்டாம்னுட்டா. நீலமா மாத்திட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு க்யூப்களை நசுக்கினோம். மெஷின் அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். ஒரு எண்கூடத் தப்பவில்லை. சரிபார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

லீவு. தலைவலி என்று சொன்னேன்.

ஏப்ரல் 5, சனி

என்னதான் சொன்னாரு? ஒண்ணும் சொல்லலை. பின்னாடி ஒரு ஆள்னாரு. அந்த ஆள் நீதான்னு சொன்னாரா? உயரம் மாறிடும்னு வாயைத் தொறந்து சொன்னாரே — எதுக்கு உயரம்னு ஏன் நான் கேட்கலை? எதையும் முழுசாப் படிக்கிறவளாம். கடைக்காரர் மேடம்னப்ப அவர் ஏன் மறுக்கலை? சரி, நான் ஏன் மறுக்கலை?

திட்டலாம்னு பார்க்கிறேன். திட்டுறதுக்கு ஒரு வார்த்தையைக்கூட அந்த மனுஷன் விட்டு வைக்கலை. கெட்டவரா இருந்திருக்கலாம். எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்.

"ஏண்டி கண்ணு வீங்கியிருக்கு?"ன்னா அம்மா. சளின்னேன். சளிக்குக் கண்ணு வீங்குமான்னா. வீங்கும்னேன். நம்பிட்டா. நான் எது சொன்னாலும் இந்த வீட்ல நம்புவாங்க. தெருவுக்கே காகிதம் படிச்சுச் சொல்றவ. ஒரு மனுஷன் முகத்தைப் படிக்கத் தெரியலை.

அந்தப் பொண்ணு என்னை அக்கான்னு கூப்பிட்டுச்சு. நல்ல பொண்ணு. அதுதான் தாங்கலை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மெஷின் அக்கா இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தார். இன்று அவரால் முடியவில்லை. உடைந்த க்யூப்களைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டே, "சாம்பிளுக்கு எடுத்ததை யாரும் கட்டடத்துல வைக்க மாட்டாங்கடி. அது உடைச்சுப் பார்க்கத்தான்" என்றார்.

நான் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டேன். சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"நாக்குல சனி. ஆறுதலா ஏதோ சொல்ல வந்தேன், அப்படி வந்துடுச்சு." முந்தின நாள்களின் கேலியெல்லாம் அவர் முகத்தில் வந்து போனது. "அவன் கோடு போட்டான். நானும் நீயும் சேர்ந்து ரோடே போட்டுட்டோம். உன்னைவிட என் தப்புதான் அதிகம்."

"இல்லைக்கா. ரோட்டுல நடந்தது நான் மட்டும்தான்" என்றேன்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவரைச் சமாதானப்படுத்தினேன். என்ன கூத்து.

ஏப்ரல் 15, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. எல்லோரும் வெளியே போய்ப் பார்த்தார்கள். நீலம் அழகாகத்தான் இருக்கிறது. "வா லேப், பஸ் ஸ்டாப் வரைக்கும் விடுறேன். நீ செலக்ட் பண்ண வண்டி, முதல் சவாரி உனக்கு" என்றார்.

"பஸ் இப்ப வந்துடும்" என்றேன்.

பஸ் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போகும்போது நான் இன்னும் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். கையை ஆட்டினார். ஆட்டினேன்.

ஏப்ரல் 21, திங்கள்

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புது வேலை ஆரம்பிக்கிறார்கள். அங்கே லேபுக்கு ஆள் வேண்டும். யாரும் போகத் தயாராக இல்லை. பாதி வழிக்கு மேல் ஜல்லி ரோடு, பஸ் கிடையாது. மேனேஜர் அறைக்குப் போய் நான் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அங்க எப்படிம்மா போவே?"

அதை நான் யோசிக்கவே இல்லை. "வண்டி வாங்கப் போறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மே 11, ஞாயிறு

அதே கடைக்குப் போனேன். வேறு கடைக்குப் போகும் தைரியம் இல்லை. புது இடத்தில் பேச வேண்டியிருக்கும்.

"வாங்க மேடம். சார் வண்டி நிறுத்திட்டு வர்றாரா?"

"வரலை. வண்டி எனக்கு."

உடனே ஸ்கூட்டர் இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். ஜல்லி ரோடு, சின்னச் சக்கரம் வழுக்கும், கியர் வண்டிதான் வேண்டும் என்றேன். சொன்னவிதத்தில் கொஞ்சம் கோபம் இருந்திருக்கும். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

ஒரு பூனை நின்றது. சாம்பல். முன்னால் ஏறினேன். கால் விரல்கள் தரையைத் தேடின. வண்டி ஒரு பக்கமாகச் சாய, விற்பனையாளர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். கிளட்ச் என் விரலுக்கு எட்டவில்லை.

இங்கே எத்தனை வண்டியில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒன்றில்கூட முன்னால் உட்காரவில்லை. உட்கார்ந்து பார் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நான் படித்தது, பார்த்தது, தீர்ப்புச் சொன்னது எல்லாமே பின்னால் இருந்து. அதில் ஒன்றுகூட எனக்கு உதவாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மூலையில் ஒரு சின்ன சிவப்பு வண்டி. அப்போது நாங்கள் திரும்பியும் பார்க்காதது. ஏறினேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. ஹேண்டில் கைக்கு வந்தது. தனியாக நகர்த்திப் பார்த்தேன், நகர்ந்தது. கொஞ்சம் சத்தம் போடுகிற வண்டி, பின்னால் இருப்பவர் பேசினால் கேட்காது என்றார் விற்பனையாளர். நேர்மையான மனிதர்.

"பரவாயில்லை" என்றேன்.

"பின் சீட்ல ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறீங்களா மேடம்?"

"வேண்டாம்."

மே 25, ஞாயிறு

அம்மாவின் தம்பி ஓட்டக் கற்றுக் கொடுக்கிறார். அவருக்குப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அவருடைய பழைய பைக் சளிப்பிடித்த மாதிரி இருமிக்கொண்டே ஓடும். மில்லுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் பழகுகிறோம்.

"கிளட்சை மெதுவா விடு. மெதுவா. மெதுவான்னா மெதுவா — ஐயோ."

"நின்னுடுச்சு மாமா."

"நிக்காம என்ன செய்யும்? ஒரேயடியா விட்டா அதுவும் உயிர்தானே. டிகிரி வாங்கினவளுக்கு இடது கையில இவ்வளவு கோபமா?"

எதை எடுத்தாலும் அவர் விஷயத்தோடு கொண்டுபோய் முடிச்சுப் போடும் புத்தி ஒன்று எனக்கு வந்திருக்கிறது. இன்று போடவில்லை. கிளட்ச் கிளட்ச்தான்.

ஜூன் 22, ஞாயிறு

லைசென்ஸ் வந்து, வண்டியும் வீட்டுக்கு வந்துவிட்டது. மரக்கட்டையைத் தட்டிப் பார்ப்பதுபோல அப்பா டேங்கை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "உள்ளே சொத்தை இல்லை" என்றார். அம்மா, "இவ்வளவு சின்னதா? எறும்பு மாதிரி இருக்கு" என்றாள். அப்படியே பேர் நின்றுவிட்டது.

எல்லோரும் உள்ளே போன பிறகு அப்பா கேட்டார்: "அவ்வளவு தூரத்துக்கு நீயாவே மாத்தல் கேட்டு வாங்கினியாமே. ஏம்மா?"

"அங்க கத்துக்க நிறைய இருக்குப்பா."

 "படிச்ச பிள்ளை. யோசிச்சுத்தான் செஞ்சிருப்பே" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கேட்காததற்கு நன்றியாகவும் இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

கல்யாணம். போகவில்லை. லேபில் எல்லோரும் சேர்ந்து கொடுத்த பரிசில் என் பேரும் இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

மழை. ஜல்லி ரோட்டில் வண்டி ஒருமுறை வழுக்கிவிட்டது. காலை ஊன்றி நிறுத்திவிட்டேன். கால் எட்டியது.

நாள் முழுக்க அவர் ஞாபகம் வரவில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். பொய்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சர்வேயர் படம் அனுப்பியிருக்கிறார். மலை, பனி, நீல வண்டி, வண்டியில் இரண்டு பேரும். "உன் செலக்‌ஷன். விடிஞ்சதிலிருந்து உட்கார்ந்து வந்தா, இடுப்பு வலியே இல்லையாம். பேசிக்கிட்டே வந்தோம், தூரமே தெரியலை."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவங்க கை எங்கே இருக்கிறது என்று. தோளில்.

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு பொம்மையை அனுப்பிவிட்டு, துணி துவைக்கப் போனேன். துவைத்ததையே திரும்பத் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மா வந்து வாளியை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்னும் இரண்டு படங்கள். அருவி. சாலையோரத்தில் டீ. பதில் எழுதி அழித்தேன். எழுதினேன். அழித்தேன். பொம்மையை அனுப்பினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மெஷின் அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அணைக்கட்டு வரைக்கும் போனேன். எனக்கு முதல் நீண்ட பயணம். காலையில் புறப்பட்டோம். ஊரைத் தாண்டியதும் சாலை அகலமானது. எறும்பு தன்னால் முடிந்த வேகத்தில் உறுமிக்கொண்டு போனது. அக்கா பின்னால் ஏதேதோ கத்தினார். எதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் "ஆமாக்கா" என்றேன்.

அணைக்கட்டில் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நிறுத்து நிறுத்துன்னு கத்துறேன், ஆமாக்கா ஆமாக்காங்கறே. இது சீட்டா, இல்லை பலகையா? கடையில இருந்த வண்டியில எல்லாம் பின்னாடி உட்கார்ந்து பார்த்தவ, சொந்த வண்டிக்கு மட்டும் பார்க்காம வாங்கினியா?"

"பார்க்கலைக்கா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "நல்லா பண்ணினே" என்றார். "ஒரு தலகாணி கொண்டு வந்தாப் போச்சு."

மதகுப் பக்கம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். அக்கா கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போன் துடித்தது. சர்வேயர். நீல வண்டியின் முன்பக்கம் மட்டும் இருந்த ஒரு படம். நம்பர் பலகைக்கு மேலே வெள்ளைப் பெயிண்டில், கையால் எழுதியிருந்தது: லேப்.

"வீட்டுக்காரி எழுதினது. பூனைங்கிற பேரு வேண்டாமாம். உன்னாலதானே வந்த வண்டி, அதனால உன் பேரையே வச்சுட்டா. எப்படி?"

அக்கா எட்டிப் பார்த்தார். படித்தார். வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவர் வாயை மூடிக்கொண்டு நான் பார்ப்பது இது இரண்டாவது தடவை.

அது என் பேர்கூட இல்லை.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அன்பாகத்தான் செய்திருக்கிறார்கள். பெயிண்ட் வழிந்துவிடாமல் எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லாத வரைக்கும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? படங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். நான் பொம்மை அனுப்பிக்கொண்டேதான் இருப்பேன்.

பொம்மையைத் தேடிய விரலை எடுத்துவிட்டேன். அக்கா தண்ணீரைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரே மூச்சில் எழுதினேன், அழிக்கவில்லை, அனுப்பிவிட்டேன். அனுப்பியதை அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"வண்டி நல்லா ஓடுறதுல சந்தோஷம். அவங்களுக்கு வலி இல்லைங்கறதுலயும். உங்ககிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்லை. இப்ப கேட்கிறேன். இனிமே எனக்குப் படம் அனுப்பாதீங்க. வண்டிக்கு வேற பேர் வைங்க. ஏன்னு மட்டும் கேட்காதீங்க."